படுக்கையோரப் பாட்டு: கேட் மங்கரும் ஹாஸ்பிஸ் பாடகர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட் மங்கர் யார்?

கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் பாடகி; பாட்டு எழுதுபவர். 2000-ஆம் ஆண்டு எல் செரிட்டோ என்ற ஊரில் சில பெண்களைக் கூட்டி 'த்ரெஷோல்ட் கொயர்' என்ற குழுவைத் தொடங்கினார். சாகும் தறுவாயில் இருப்பவர்களின் படுக்கையருகே போய் மெல்லப் பாடுவதுதான் அந்தக் குழுவின் வேலை. இன்று அமெரிக்காவிலும் வேறு சில நாடுகளிலுமாக ஏறத்தாழ 200 குழுக்கள் அந்தப் பெயரில் இயங்குகின்றன. முதலில் பெண்கள் மட்டும் பாடினார்கள். பின்னாளில் பல குழுக்களில் ஆண்களும் சேர்ந்தார்கள்.

இதற்கான விதை 1990-இல் விழுந்தது. எய்ட்ஸ் முற்றி நினைவிழந்து கிடந்த நண்பரைப் பார்த்துக்கொள்ள மங்கர் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனார். காலையில் வீட்டு வேலைகளைச் செய்து பொழுதைத் தள்ளிவிட்டார். அப்புறம் பக்கத்தில் உட்கார வேண்டிய நேரம் வந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. பயந்தால் பாடுவது அவருடைய பழக்கம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப, இரண்டரை மணி நேரம் பாடினார். பாடப் பாட முதலில் அவருடைய பதற்றம் அடங்கியது. அதற்குப் பிறகு படுத்திருந்தவரும் அமைதியானார் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த வரிசை முக்கியம். ஹாஸ்பிஸ் (சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு) பாட்டு என்றதும் எல்லோரும் நோயாளியைத்தான் நினைக்கிறோம். ஆனால் அந்த அறையில் பாட்டு முதலில் போய்ச் சேருவது பெரும்பாலும் பக்கத்து நாற்காலியில் இருந்து அவரைப் பார்த்துக்கொள்பவரிடம்.

ஹாஸ்பிஸ் என்றால் ஒருவகை மருத்துவமனைதானே?

சில இடங்களில் தனிக் கட்டடம் உண்டு. 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் அப்படித்தான். ஆனால் அமெரிக்காவில் ஹாஸ்பிஸ் என்பது பெரும்பாலும் நோயாளி இருக்கும் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ வந்து போகும் ஒரு சேவை. 1982-இல் வந்த சட்டத்தின்படி அரசின் மெடிகேர் காப்பீடு இதற்குப் பணம் தருகிறது. நோய் தன் போக்கில் போனால் 6 மாதத்துக்குள் மரணம் வரலாம் என்று மருத்துவர்கள் சான்று தர வேண்டும். நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையை நிறுத்திவிட்டு, வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பதோடு நிறுத்திக்கொள்ள நோயாளி சம்மதிக்க வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: நர்ஸ் வாரத்தில் சில தடவைதான் வருவார். போன் போட்டால் எந்த நேரமும் எடுப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் நள்ளிரவு 2 மணிக்கு நாக்கடியில் மார்ஃபின் சொட்டு விடுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், துணி மாற்றுவதும் மனைவியோ மகனோ மருமகளோதான். எந்தப் பயிற்சியும் இல்லாதவர்கள், ஒரே வாரத்தில் அரை நர்ஸ் ஆகிவிடுகிறார்கள்.

பாடகர்கள் வந்தால் அந்த அறையில் என்னதான் நடக்கும்?

இரண்டு முதல் நான்கு பேர் வருவார்கள். கூட்டமாக வருவதில்லை. வாத்தியம் எதுவும் கிடையாது, சுருதிப்பெட்டிகூட இல்லை. மடக்கு நாற்காலிகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, நோயாளியின் தலை மட்டத்துக்குத் தங்கள் தலை வரும்படி உட்காருவார்கள். நின்றுகொண்டு பாடினால் படுத்திருப்பவருக்கு மேலிருந்து எதுவோ கவிழ்வது போலிருக்கும்.

பாடலாமா என்று கேட்பார்கள். பேச முடியாதவராக இருந்தாலும் அவரிடமே கேட்பார்கள், பிறகுதான் குடும்பத்திடம். குழந்தையைத் தூங்கவைக்கும் அளவுக்குத்தான் குரல். ஒரு பாட்டு முடிந்ததும் சற்று மௌனம். கைதட்டல் எதிர்பார்ப்பதில்லை, யாராவது கைதட்டத் தொடங்கினால் அந்த அறை சட்டென்று கச்சேரி மேடையாகிவிடும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் உண்டு. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். நோயாளி தூங்கிவிட்டால் அதற்கும் முன்பே நாற்காலியை மடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்கள்.

பாடும்போது எல்லோர் கண்ணும் நோயாளியின் நெஞ்சின் மீதுதான். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் தாளம். மரணம் நெருங்கும்போது மூச்சு ஆழமாகி, ஆழம் குறைந்து, சில நொடிகள் நின்றே போய், மறுபடி தொடங்கும். முதன்முறை பார்க்கும் குடும்பத்தாருக்கு அந்த இடைவெளி பெரும் திகில். பாடகர்களும் அந்த இடைவெளியில் வாயை மூடிக் காத்திருந்து, மூச்சு வந்ததும் அடுத்த வரியை எடுத்தால், திகில் கொஞ்சம் தளரும்.

பாட்டு எப்படி இருக்கும்? இதை எழுதுவது சுலபம்தானே?

பார்க்கச் சுலபம். நான்கைந்து வரிதான், சிலவற்றில் இரண்டே வரி. குழுவினரே எழுதியவை நிறைய. மங்கர் எழுதியவையும் அவற்றில் பல உண்டு. ஆனால் சாதாரணப் பாட்டு எழுதுபவருக்குக் கைவந்த வித்தைகளில் பாதியை இங்கே கீழே வைத்துவிட வேண்டியிருக்கிறது.

முதலில், கதை கூடாது. கதை இருந்தால் மூளை அதைப் பின்தொடர வேண்டும்; சோர்ந்து கிடப்பவருக்கு அதற்குத் தெம்பு இல்லை. அடுத்து, உச்சம் கூடாது. சரணத்தில் ஏறி, கடைசியில் ஓங்கி நின்று கைதட்டல் வாங்கும் அமைப்பு இங்கே உதவாது. எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம் என்ற மாதிரி மெட்டு இருக்க வேண்டும். ஸ்வரங்களுக்கிடையே பெரிய தாவல்களும் வேண்டாம். ஒரு ஸ்தாயிக்குள் அடங்கினால் நல்லது. கேட்கும் மனைவிக்கும் இரண்டாம் சுற்றில் சேர்ந்து பாட வர வேண்டுமே.

சொற்களில்தான் உண்மையான சிக்கல். 'நீ போய் வா' என்று எழுதிவிடலாம். போகத் தயாரில்லாதவரின் காதில் அது எப்படி விழும்? 'நீ நலமடைவாய்' என்றால் பொய். 'பயப்படாதே' என்பது கட்டளை. பயப்படுகிறவருக்குக் குற்றவுணர்ச்சியைத்தான் தரும். ஆகவே நான் பக்கத்தில் இருக்கிறேன், மூச்சு விடு, இளைப்பாறு என்கிற அளவில் நிற்கும் சொற்களே மிஞ்சுகின்றன. கட்டிலில் இருப்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் பொருந்துபவையும் அவைதான். இரவெல்லாம் விழித்திருந்த மகளிடம் 'இளைப்பாறு' என்று யாரும் சொல்வதில்லை. அப்பாவுக்காகப் பாடப்படும் வரி அவள் மீதும் விழுகிறது. எழுதுபவர் இதைத் தெரிந்தே செய்தால்தான் நல்ல ஹாஸ்பிஸ் பாட்டு வரும் என்பது என் கருத்து.

ஒத்திகையிலும் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சாய்வு நாற்காலி ஒன்றை நடுவில் போட்டு, குழுவில் ஒருவர் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். எந்தச் சொல் குத்துகிறது, எந்தக் குரல் உரக்கக் கேட்கிறது என்பது படுத்திருந்தவருக்குத்தான் தெரியும்.

நோயாளிக்குப் பிடித்த பழைய பாட்டையே பாடக்கூடாதா?

பாடலாம், கேட்டால் பாடுவார்கள். ஆனால் இதில் இரண்டு கட்சி உண்டு.

டெக்ஸஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் கிறிஸ்டீன் ஆல்பர்ட் என்ற பாடலாசிரியர் 2005-இல் 'ஸ்வான் சாங்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கடைசி ஆசையாக யார் எந்த வகை இசையைக் கேட்கிறாரோ அந்த இசைக்கலைஞரை வீட்டுக்கே அழைத்து வந்து ஒரு சின்னக் கச்சேரி, குடும்பத்துக்குச் செலவில்லை. நண்பர்கள் கூடுவார்கள், சிரிப்பார்கள், நோயாளி தாளம் போடுவார். இதற்கு விழித்திருக்கும் தெம்பு வேண்டும்.

மறுபக்கம், ஹார்ப் இசைக்கலைஞர் தெரீஸ் ஷ்ரோடர்-ஷேக்கர். இவர் வளர்த்த முறையில், உயிர் பிரியும் கடைசி மணி நேரங்களில் தெரிந்த பாட்டைத் தவிர்ப்பார்கள். தெரிந்த பாட்டு கல்யாணம், காதல், சண்டை என்று நினைவுகளோடு வந்து ஆளை இந்தப் பக்கம் இழுக்கும். தாளக்கட்டு இல்லாத, முன்பு கேட்டிராத இசை எதையும் இழுக்காது என்பது அவர் வாதம். மங்கரின் குழுப் பாடல்கள் இந்தப் பக்கம் சாய்ந்தவை.

இரண்டும் சரி என்றுதான் தோன்றுகிறது. மாதக்கணக்கில் நேரம் இருக்கும்போது ஆல்பர்ட் வழி, மணிக்கணக்கு ஆகிவிட்டால் மற்றது. குடும்பத்தார் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், கடைசி ராத்திரியில் அப்பாவின் அபிமானப் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு அவர் முகம் சுளிப்பதைப் பார்த்துத் தவிக்க வேண்டியிருக்காது.

பாட்டால் வலி குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

கொஞ்சம் உண்டு. பெரிதாகப் பேசும் அளவுக்கு இல்லை.

அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் 200 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஒரே ஒரு முறை இசை சிகிச்சை பெற்றவர்கள், பெறாதவர்களைவிட வலி கூடுதலாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். அதற்கு முன் 2003-இல் ரஸ்ஸல் ஹில்லியர்ட், வீட்டில் ஹாஸ்பிஸ் பராமரிப்பில் இருந்த 80 புற்றுநோயாளிகளை ஆய்வு செய்தார். இசை சிகிச்சை பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது; ஆனால் உடல் நிலையிலோ உயிரோடு இருந்த நாட்களின் எண்ணிக்கையிலோ வேறுபாடு இல்லை. பாட்டு ஆயுளை நீட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: இவை தேர்ச்சி பெற்ற இசை சிகிச்சையாளர்கள் செய்தவை. தன்னார்வப் பாடகர்களின் பாட்டுக்கு இந்த எண்களை அப்படியே ஒட்டுவது நியாயமில்லை.

அப்படியானால் இது இசை சிகிச்சை இல்லையா?

இல்லை. இசை சிகிச்சையாளர் பட்டம் படித்து, அமெரிக்காவில் குறைந்தது 1,200 மணி நேரம் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி வருபவர். இலக்கு வைப்பார், குறிப்பு எழுதுவார், மருத்துவக் குழுவில் ஒருவர். மாண்ட்ரியலின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் சூசன் மன்ரோ 1970-களிலேயே இதைத் தொடங்கிவிட்டார். படுக்கையோரப் பாடகர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. வருவார்கள், பாடுவார்கள், போவார்கள்.

நினைவில்லாமல் கிடப்பவருக்குக் கேட்குமா?

கடைசியாகப் போவது செவிப்புலன் என்று ஹாஸ்பிஸ் நர்ஸ்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். 2020-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வான்கூவர் ஹாஸ்பிஸ் ஒன்றில் இதைச் சோதித்தார்கள். பதில் சொல்லும் நிலையைக் கடந்தவர்களின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, ஒலிகளின் வரிசையை மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். சிலருடைய மூளை, ஆரோக்கியமான இளைஞர்களின் மூளை போலவே அந்த மாற்றத்துக்கு எதிர்வினை காட்டியது. எல்லோருடையதும் இல்லை. ஒலி போய்ச் சேர்கிறது என்பது வரைதான் இது. சொல் புரிகிறதா, குரல் அடையாளம் தெரிகிறதா என்பதை இந்தச் சோதனை காட்டவில்லை. ஆனாலும் அறைக்குள் நின்று சவப்பெட்டி விலை பேசுபவர்களை வெளியே அனுப்ப இந்த அளவு ஆதாரம் போதும்.

பார்த்துக்கொள்பவர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

முதலாவது, உட்காரக் கிடைக்கிறது. கேட்கச் சின்ன விஷயம்தான். வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர் எந்நேரமும் எதையோ செய்துகொண்டே இருப்பார்: மாத்திரை எண்ணுவது, டயப்பர், சலவை, காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன், பார்க்க வருபவர்களுக்கு காபி. பாடகர்கள் வந்ததும், நீங்களும் உட்காருங்கள், அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அந்த அரை மணி நேரம் அவர் பராமரிப்பாளர் வேலையிலிருந்து இறங்கி, மறுபடி மனைவியாகவோ மகனாகவோ ஆகிறார்.

இரண்டாவது, அழ முடிகிறது. நோயாளி முன்னால் அழக்கூடாது என்று மாதக்கணக்கில் அடக்கி வைத்திருப்பார்கள். பாட்டு நடக்கும்போது அழுதால் பழி பாட்டின் மேல். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது, சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வழி. அமெரிக்க ஹாஸ்பிஸ் மருத்துவர் ஐரா பயாக் நான்கு சொற்றொடர்களை வலியுறுத்தி வந்தவர்: என்னை மன்னித்துவிடு, உன்னை மன்னித்துவிட்டேன், நன்றி, உன் மேல் எனக்கு அன்பு. இவற்றை நேருக்கு நேர் பேசும் பழக்கம் எல்லாக் குடும்பத்திலும் இருக்காது. அப்பாவிடம் 'நன்றி' என்று சொன்னால் அவரே சந்தேகமாகப் பார்க்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். ஆனால் பாடகர்களோடு சேர்ந்து அந்த வரியை முணுமுணுக்க முடியும்.

அப்புறம், பாட்டு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு வரிப் பாட்டு என்பதால் அன்றிரவே குடும்பத்தாருக்கு மனப்பாடம். பாடகர்கள் போன பிறகு, அடுத்த மார்ஃபின் சொட்டுக்கும் முந்தைய சொட்டுக்கும் நடுவிலான அந்த நீண்ட நேரத்தில், சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் செய்ய ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே பாட்டைச் சின்னதாக எழுத வேண்டும்.

இதெல்லாம் ஓய்வுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெடிகேர் ஹாஸ்பிஸ் திட்டத்தில், பார்த்துக்கொள்பவர் இளைப்பாறுவதற்காக நோயாளியை ஒரு தடவைக்கு 5 நாள் வரை மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடத்தில் சேர்த்துப் பராமரிக்க வழி உண்டு. சேர்த்தால் மனம் ஒப்பாது என்று பலர் கேட்பதே இல்லை. கேளுங்கள். பாட்டுக் குழு தூக்கத்தைத் தராது.

நர்ஸ்களுக்கும் பாடுவார்களா?

சில குழுக்கள் பாடுகின்றன. நர்ஸ் பணி மாறும் நேரத்தில் ஒரு பாட்டு, அல்லது அந்த ஆண்டில் இறந்தவர்களை நினைவுகூரும் கூட்டத்தில். அடுத்த வீட்டுக்குக் காரில் கிளம்ப வேண்டியவருக்கு ஐந்து நிமிடம் சும்மா நிற்பதே அரிது.

எந்த மதப் பாட்டு?

மங்கரின் குழுவில் பெரும்பாலும் எந்த மதமும் சாராத பாடல்கள்தான். குடும்பம் கேட்டால் பக்திப் பாடலும் பாடுவார்கள். கேட்காத வீட்டில் கடவுளை இழுப்பதில்லை. நல்ல விதி.

இது நம் ஒப்பாரி போலவா?

ஒப்பாரி உயிர் போன பிறகு, ஊருக்குக் கேட்கும்படி. இது உயிர் இருக்கும்போது, கட்டிலைத் தாண்டிக் கேட்காதபடி. படுக்கையருகே திருவாசகம் ஓதுகிறோமே, விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்கிறோமே, அதுதான் இதற்கு நெருக்கம்.

எப்போது பாடக்கூடாது?

நோயாளி வேண்டாம் என்று தலையசைத்தால். முகம் இறுகினால், கை துணியைப் பிசைந்தால், மூச்சு வேகமெடுத்தால். வலி மருந்து இன்னும் பிடிக்காமல் துடித்துக்கொண்டிருந்தால். அப்போது வேண்டியது நர்ஸ். குடும்பத்தில் ஒருவர் விரும்பி இன்னொருவர் வெறுத்தால் கதவுக்கு வெளியே கூடத்தில் பாடிப் பார்க்கலாம், அல்லது பாடாமலே திரும்பலாம். மௌனம் விரும்பிகள் சாகும்போதும் மௌனம் விரும்பிகள்தான்.

நோயாளியே பாட்டு எழுத முடியுமா?

முடியும். இது பெரும்பாலும் இசை சிகிச்சையாளர்கள் செய்வது. நோயாளி பேசுவதைக் கேட்டு, அவருடைய சொற்களையே வரிகளாக அடுக்கி, மெட்டுப் போட்டுப் பதிவு செய்து குடும்பத்திடம் தருவார்கள். பிரையன் ஷ்ரெக் என்ற அமெரிக்க இசை சிகிச்சையாளர் நோயாளியின் இதயத்துடிப்பையே பதிவு செய்து, அதைத் தாளமாக வைத்துப் பாட்டு அமைத்திருக்கிறார். எல்லாக் குடும்பத்துக்கும் இது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சிலர் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்கவே வருடங்கள் ஆகலாம்.

மரணத்துக்குப் பிறகும் இந்த ஆதரவு தொடருமா?

அமெரிக்க ஹாஸ்பிஸ்கள் குடும்பத்துக்கு ஓராண்டு வரை துக்க ஆலோசனை தர வேண்டும் என்பது விதி. பாட்டும் அங்கே வருவதுண்டு. நாஷ்வில் பாடலாசிரியர் பெத் நீல்சன் சாப்மனின் கணவர் 1994-இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து எழுந்த பாடல்களை 1997-இல் ஆல்பமாக வெளியிட்டார். அதன் தலைப்புப் பாடலை எல்டன் ஜான் தன் அமெரிக்கச் சுற்றுப்பயண மேடைகளில் பாடினார். துக்கத்தில் இருப்பவர்கள் தாங்களே எழுதிப் பார்க்கும் பயிலரங்குகளையும் சாப்மன் நடத்தியிருக்கிறார். படுக்கையோரத்தில் தடை செய்த கதை, உச்சம் எல்லாவற்றுக்கும் இங்கே இடம் உண்டு. துக்கத்தில் இருப்பவருக்குக் கதை தேவைப்படுகிறது.

எவ்வளவு செலவாகும்?

ஒன்றுமில்லை. பாடகர்கள் தன்னார்வலர்கள். மெடிகேர் பணம் பெறும் ஹாஸ்பிஸ்கள் நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்கு ஈடான மணி நேரத்தைத் தன்னார்வலர்களைக் கொண்டு நிறைவேற்ற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் பாடகர்களுக்குக் கதவு ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது.

சேர நல்ல குரல் வேண்டுமா?

சுருதி சேர வேண்டும். பக்கத்தில் பாடுபவரின் குரலோடு கரைய வேண்டும். கச்சேரிக் குரல் உள்ளவர்களுக்குத்தான் கஷ்டம், அடக்கிப் பாட வராது. பாடகர் அழுதுவிட்டால் மற்றவர்கள் தொடர்வார்கள். தனியாக அனுப்பாததற்கு அதுவும் ஒரு காரணம். சொந்த வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால் கொஞ்ச காலம் பொறுத்துச் சேருவது நல்லது.

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அம்மாவுக்கு ஆங்கிலப் பாட்டு ஒட்டாதே?

ஒட்டாமல் போகலாம். சொல்லே இல்லாமல் 'ம்ம்' என்று பாடச் சொல்லிக் கேட்கலாம். அதைவிட நல்லது, வீட்டில் பாடத் தெரிந்த இரண்டு பேர் அவர்கள் செய்கிற மாதிரியே செய்வது. அம்மா உங்களுக்குப் பாடிய தாலாட்டில் முதல் இரண்டு அடி போதும். நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சைப் பார்த்து, மெல்ல. போனில் யூடியூபைப் போட்டு வைப்பதும் தப்பில்லை. விளம்பரம் வராதபடி முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.